வடிவு பார்த்த பில்கள்

மே 2, வெள்ளி

பேச ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

ஆள் இருக்கிறார். ஹாலில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரோடு பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான். இந்த டைரி, ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய நூற்பு மில்லிலிருந்து மறக்காமல் புத்தாண்டுக்கு அனுப்பியது. நான்கு மாதமாகச் சும்மா கிடந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை சாயங்காலம் என் கணவர் திருவாளர் மகாலிங்கம் அரைக் கிலோ அல்வாவோடு வீட்டுக்கு வந்தார். ஓசூரில் ஒரு மில்லில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு வருஷத்துக்கு, ஜூன் இரண்டாம் தேதி சேர வேண்டும், சம்மதம் சொல்லிவிட்டேன் என்றார். கவனிக்கவும்: சொல்லிவிட்டேன். 'சொல்லட்டுமா' இல்லை. பாளையங்கோட்டையில் இருபத்தொன்பது வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அல்வா வாங்கி வந்து எனக்கு அல்வா கொடுத்துவிட்டார்.

"எல்லாம் நீங்களே முடிவு பண்ணியாச்சுல்லா? அப்ப நீங்களே போங்க" என்றேன்.

"சரி" என்றார்.

கோபத்தில் ஒருத்தி 'நீங்களே போங்க' என்றால் அதற்குப் பதில் 'சரி'யா? 'நீயும் வா வடிவு' என்று சொன்னால் வாய் வலித்துவிடுமா? நான் வருவேனா மாட்டேனா என்பது வேறு விஷயம். கேட்டால்தானே தெரியும். கேட்கவில்லை.

அன்றிலிருந்து நானும் வாயைத் திறக்கவில்லை. அல்வா மட்டும் தீர்ந்துவிட்டது.

மே 3, சனி

பேச்சு இல்லாவிட்டாலும் வயிறு இருக்கிறது. எங்கள் வீட்டில் சாமான் வாங்குவது அவர், பில் பார்ப்பது நான். இரண்டு தெரு தள்ளி 'பொற்கிழி சூப்பர் மார்க்கெட்'. பெயரைப் பாருங்கள். கிழியைக் கொடுப்பது நாம், வாங்கிக்கொள்வது அவர்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் மேல்தான். அலமாரியில் ஒரு விலை எழுதியிருக்கும், பில்லில் வேறு விலை விழும். தள்ளுபடி என்று பெரிய போர்டு தொங்கும், பில் போடும்போது அந்தத் தள்ளுபடியையே தள்ளுபடி செய்திருப்பார்கள்.

நான் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிடுவேன். அவர் எடுத்துப்போய்க் கேட்டு வருவார். கடையில் எனக்குப் 'பில்லக்கா' என்று பெயராம். பட்டம் சும்மா வருமா?

இன்று சீனியவரைக்காய் வாங்கி வந்தார். பில்லில் சீனியவரைக்காய் இல்லை, சீனி அரைக் கிலோ இருந்தது. நிறுக்கிற இடத்தில் 'சீனி' என்று தட்டியதுமே கம்ப்யூட்டர் மீதியைக் கேட்காமல் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. பாதியைக் கேட்டுவிட்டு முடிவுக்கு வருகிற ஜென்மங்கள் வீட்டிலும் உண்டு.

வட்டம் போட்டு ஒட்டினேன். அவர் எடுத்துக்கொண்டு போனார். ஆனால் அவர் கும்பகோணத்துக்காரர். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் சீனியவரை என்று வாயில் வராது, கொத்தவரங்காய்தான். சீனியும் வராது, சர்க்கரைதான். "கொத்தவரங்காயைச் சர்க்கரைன்னு போட்டுட்டீங்க" என்று கவுன்டரில் போய் நின்றிருக்கிறார். இந்த ஊரில் சர்க்கரை என்றால் வெல்லத்தைப் பொடித்தது போல இருக்குமே, அது. பில்லில் கொத்தவரங்காயும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஆளாளுக்குத் தேடியிருக்கிறார்கள். அங்கே மேற்பார்வை பார்க்கிற ஆவுடைதான் கடைசியில் என் சிவப்பு வட்டத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டாளாம்.

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றும்போது சுவரிடம் சொன்னார். சுவருக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

மே 6, செவ்வாய்

காலையில் கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்கி வந்தார். நேற்றுப் போய் உப்பு வாங்கி வந்தார். முன்பெல்லாம் சனிக்கிழமை ஒரே தடவையில் மொத்தமாக வாங்கி வருகிறவர். ஓய்வு பெற்றபின் ஞாபகசக்தி குறைந்துவிட்டது போலிருக்கிறது. எதை மறந்தாலும் பில்லை மட்டும் மறக்காமல் கொண்டுவந்து பிரிட்ஜில் ஒட்டிவிடுகிறார்.

உப்பில் தப்பு இல்லை. தீப்பெட்டியோடு ஒரு பைக்கும் காசு சேர்த்திருந்தார்கள். ஒரு தீப்பெட்டியை யாராவது பையில் போட்டுத் தூக்கி வருவார்களா? வட்டம்.

மத்தியானம் போய்க் காசைத் திருப்பி வாங்கி வந்து பிரிட்ஜ் மேல் வைத்தார். முகத்தில் ஒரு சந்தோஷம். வெயிலில் அலைவது இப்போது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது.

மே 9, வெள்ளி

இன்று பில்லில் தப்பே இல்லை. என்ன கடையோ.

மே 10, சனி

நேற்றைய பில்லைக் காலையில் மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். கொத்தமல்லிக் கட்டின் விலையைச் சுற்றி வட்டம் போட்டேன். சந்தேகம் வந்தது, போட்டேன். மனுஷிக்குச் சந்தேகம் வரக் கூடாதா?

அவர் பில்லைப் பார்த்தார், குடையை எடுத்தார், போனார். அரை மணி கழித்து வந்து அதே இடத்தில் ஒட்டினார். என் வட்டத்துக்குக் கீழே பென்சிலில் எழுதியிருந்தார்: 'விசாரித்தேன். விலை சரிதான்.'

சண்டை தொடங்கிய பிறகு அவர் எனக்கென்று சொன்ன முதல் வாக்கியம் அதுதான். கொத்தமல்லியைப் பற்றி. மனுஷனுக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லை.

சட்டை முதுகோடு ஒட்டிப்போகிற அளவுக்கு வேர்த்திருந்தது. மோர் கலக்கிச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, "மோர் இருக்கு" என்று மேஜையிடம் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது மேஜை குடித்து முடித்திருந்தது.

மே 13, செவ்வாய்

புனேயிலிருந்து மகள் நித்திலா பேசினாள்.

"அம்மா, அப்பா போன் பண்ணுனாங்க. இன்னுமா பேசாம இருக்க?"

"யாரு சொன்னா? நான் நல்லாத்தான் பேசிக்கிட்டு இருக்கேன்."

"யார்கிட்ட?"

"மிக்ஸிகிட்ட."

சிரிக்கிறாள். பெற்ற தாயின் கஷ்டம் அவளுக்குச் சிரிப்பாக இருக்கிறது. "நீயும் கூடப் போயேன்மா. ஓசூர்ல நல்லா குளுகுளுன்னு இருக்குமாம்."

"ஏட்டி, கூப்பிடாத எடத்துக்கு நான் எதுக்குப் போகணும்?"

"நீதானம்மா 'நீங்களே போங்க'ன்னு சொன்ன?"

"சொன்னா? சொன்னத அப்படியே எடுத்துக்கிடணுமா? இத்தன வருஷமா நான் சொன்ன எதையாவது அவுக கேட்டுருக்காகளா? இத மட்டும் கேப்பாகளாம்."

பிறகு, "அப்பா உன்னப் பத்தி என்ன சொன்னாங்கன்னு கேக்க மாட்டியா?" என்றாள்.

"எனக்கு எதுக்கு?" என்றேன்.

அப்படிச் சொன்னாலும் அவளாகச் சொல்லிவிடுவாள் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தேன். "சரிம்மா, வேலை இருக்கு" என்று வைத்துவிட்டாள். அதே 'சரி'. யாருக்குப் பிறந்தவள்!

மே 16, வெள்ளி

இன்று நல்ல வேட்டை. ஒரு சலவைத்தூள் பாக்கெட்டுக்கு இரண்டு என்று பில் போட்டிருந்தார்கள். வட்டம் போடாமல் சதுரமே போட்டேன்.

அவர் திரும்பி வந்து காலண்டரிடம் விவரம் சொன்னார். பாக்கெட்டைக் காட்டும்போது அந்தக் கருவி இரண்டு தடவை 'பீப்' என்று கத்திவிட்டதாம், யாரும் கவனிக்கவில்லையாம். ஆவுடை மன்னிப்புக் கேட்டாளாம். "அக்கா கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது" என்றாளாம்.

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்த மாதிரி எனக்குப் பட்டது. காலண்டர் என்ன நினைத்ததோ.

ஓசூருக்குப் போனபிறகு இவருக்கு யார் பில் பார்ப்பார்கள்? கொடுத்ததை வாங்கி, கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிற ஆள். அங்கே சீனியவரையும் கிடையாது, வட்டம் போடுகிறவளும் கிடையாது. நன்றாக ஏமாறட்டும்.

மே 19, திங்கள்

பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கினார். தும்மினார். நான் உதவிக்குப் போகவில்லை. ஏணியை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஏணி விழுந்து டைல்ஸ் உடைந்தால் யார் மாற்றுவது?

பருப்புப்பொடி அரைத்தேன். துவரம்பருப்பு அதிகமாகக் கிடந்தது, வண்டு விழுந்துவிடும். அதே மாதிரி எள்ளும் அதிகமாகக் கிடந்தது, எள்ளுப்பொடியும் அரைத்தேன். கறிவேப்பிலையும் கிடந்தது. மூன்று டப்பா நிறைந்துவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் காலி இடம் இருந்ததால் அங்கே வைத்தேன்.

மே 22, வியாழன்

அவர் வேட்டிகளை மடிக்கிற அழகைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் குளிக்கப் போனபோது எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மடித்து வைத்தேன். வந்து பார்த்தார். பெட்டியை மூடாமலே வெகுநேரம் நின்றார்.

இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன். இரண்டு வருஷம் இந்த வீட்டில் தனியாக இருந்துவிட எனக்கு முடியாது என்றில்லை. முடியும். கேஸ் சிலிண்டருக்குப் பதியத் தெரியும், பேங்குக்குப் போகத் தெரியும். ஆனால் எனக்கு வேண்டாம். காலையில் இரண்டு காப்பிக்குப் பதில் ஒரு காப்பி போடுவதை நினைக்கவே பிடிக்கவில்லை. ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும், இந்த வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். கூப்பிடாமல் மூட்டை முடிச்சோடு பின்னால் போக எனக்கு மானம் இருக்கிறது.

மே 24, சனி

வெங்காயம், தேங்காய், அப்பளம். தப்பு இல்லை. நானும் தேடவில்லை.

மே 27, செவ்வாய்

மத்தியானம் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஓசூரில் குடித்தனம் வைக்கத் தேவையான சாமானாம், வாசற்படியிடம் சொன்னார். பெட்டியை வாய் ஒட்டிக் கொண்டுவந்திருந்ததால் உள்ளே இருப்பது தெரியவில்லை. பில் வழக்கம்போல பிரிட்ஜுக்கு வந்தது.

நான் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன். பார்த்ததும் தலை சுற்றியது. எவர்சில்வர் தட்டு 2. டம்ளர் 2. பல் பிரஷ் 2. சோப்பு டப்பா 2. தலையணை உறை 2. போர்வை 2. மேலிருந்து கீழ்வரை ஒன்று விடாமல் இரண்டு! அன்றைக்குச் சலவைத்தூளில் செய்த வேலையைக் கருவி இப்போது மொத்தமாகச் செய்திருக்கிறது. தனியாகப் போகிற ஆளுக்கு எதற்கு இரண்டு தட்டு? ஒன்றில் சாப்பிட்டு இன்னொன்றால் மூடிக்கொள்ளவா?

சிவப்புப் பேனாவில் மை தீர்கிற அளவுக்கு வட்டம் போட்டேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் இரண்டு தடவை அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்க வந்தார். வெயில் அப்படி.

மூன்றாம் தடவை வந்தபோது நான் மிக்ஸியிடம் சொன்னேன். "இவ்வளவு பெரிய ஏமாத்து நான் பாத்ததே இல்ல. எல்லாத்தையும் ரெண்டுன்னு போட்டுருக்கான். நாளைக்கு நானே போயி ஒரு கை பாக்கேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "போக வேண்டாம். பில் சரிதான்" என்று கதவிடம் சொன்னார்.

பயந்தாங்கொள்ளி. தட்டிக் கேட்கத் தைரியம் இல்லை, அதனால் பில் சரியாம். ராத்திரி சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஏமாந்துவிட்டோம் என்ற வருத்தமாக இருக்கும்.

மே 28, புதன்

கடை திறந்ததும் போய் நின்றேன். ஆவுடை கவுன்டரில் இருந்தாள். பில்லை அவள் முன்னால் விரித்தேன்.

"என்ன ஆவுடை இது? ஒரு பாக்கெட்டுன்னா பொறுத்துக்கிடலாம். ஒரு குடும்பத்தையேல்லா ரெண்டாப் போட்டு வச்சிருக்கிய?"

அவள் பில்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அக்கா, இது சரியான பில்லுதான்."

"எப்படிச் சரி? போறது ஒரு ஆளு."

"அண்ணாச்சி ரெண்டு ரெண்டாத்தான் எடுத்தாவ. நான்தான் கூடவே நின்னு எடுத்துக் குடுத்தேன். பிரஷ்ல ஒண்ணு மெத்துன்னு உள்ளதாத் தேடிக் கேட்டாவ. வீட்டுல ஈறு வலிக்கிற ஆளு இருக்காம்."

ஈறு வலி எனக்குத்தான். போன பொங்கலுக்குக் கரும்பு கடித்ததிலிருந்து.

ஆவுடை தணிந்த குரலில் சொன்னாள். "தட்டுக்குப் பேரு வெட்டித் தருவோம்லாக்கா, அதுக்கு என்ன பேருன்னு கேட்டேன். உங்க பேரத்தான் சொன்னாவ. ரெண்டு தட்டுலயும். 'பேரு நீளமா இருக்கு, வடிவுன்னு மட்டும் போட்டா போதுமா'ன்னு கேட்டேன். 'முழுசாப் போடுங்க'ன்னாவ."

எங்கள் கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்களில் எல்லாம் யார் யாரோ பெயர் வெட்டியிருக்கும். மாமா பெயர், சித்தப்பா பெயர், மில் நண்பர்கள் பெயர். என் பெயர் எழுதிய ஒரு கரண்டிகூட எங்கள் வீட்டில் கிடையாது. எனக்கே அது இப்போதுதான் உறைத்தது.

"அக்காவும் கூட வாராகளான்னு கேட்டேன்" என்றாள் ஆவுடை. "'தெரியல'ன்னாவ. 'நீங்க கேக்கலியா'ன்னேன். 'கேட்டு அவ மாட்டேன்னுட்டா என்ன பண்றது, நீங்க பேர வெட்டுங்க'ன்னாவ."

எனக்குப் பின்னால் எண்ணெய் டின்னோடு நின்ற ஒருவர், "பில் போட வழி விடுங்கம்மா" என்றார். நகர்ந்தேன். கடையில் ஏசி அதிகம், கண் கரித்தது என்று எழுதலாம் என்று பார்த்தேன். வேண்டாம். அழுகை வந்தது. சேமியா அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து அந்த அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"கயித்த அவுங்க" என்றேன். சுவரிடமும் இல்லை, மேஜையிடமும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்து.

அவர் கை அப்படியே நின்றது. "கடையில என்ன சொன்னாங்க?"

"பில்லு சரியாம்."

"நான்தான் நேத்தே சொன்னேனே."

"கதவுகிட்டதான சொன்னீங்க."

கயிற்றை அவிழ்த்தார். பெட்டியைத் திறந்து மேலாக இருந்த தட்டை எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் 'செண்பகவடிவு' என்று இருந்தது. ஒரு எழுத்துக்கூட விடவில்லை. அடுத்த தட்டிலும் அப்படியே.

"எதுக்கு ரெண்டு தட்டு?"

"ஒண்ணு எனக்கு."

"அப்ப அதுல உங்க பேருல்லா இருக்கணும்?"

கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "நீதான் போங்கன்னு சொன்ன."

"சொன்னேன். நீங்க சரின்னீங்க. அந்த 'சரி' என்ன ஒரு மாசமா உயிரோட அரிக்குது, தெரியுமா?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? உன்னக் கேக்காமச் சம்மதம் சொன்னது தப்புன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நீயும் வான்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது? நீ வரமாட்டேன்னு நேரா சொல்லிட்டா எனக்குக் கால் கிளம்பாது. கேக்காம இருந்தா, ஒருவேளை நீ வருவேன்னு நெனச்சுக்கிட்டாவது இருக்கலாம். அதான் பில்லைக் கொண்டாந்து ஒட்டினேன். நீ பார்ப்பேன்னு தெரியும்."

"அதுக்காக? பில்ல ஒட்டுனா நான் பெட்டிய கட்டிருவேனா? தட்டுல பேரு வெட்டுனா வந்துருவேனா? வாயத் தொறந்து கேளுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். விசிறியைப் பார்த்தார். நான் எழுந்துபோய் விசிறியை அணைத்தேன். சுவரைப் பார்த்தார். அவருக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்றுகூட இந்த மனுஷன் இப்படி வேர்த்து நான் பார்க்கவில்லை.

"நீ இல்லாம எனக்கு ஆகாது, வடிவு" என்றார். "நீயும் வா."

வருகிறேன் என்றுதான் எனக்கு உடனே வாயில் வந்தது. அதை விழுங்கிக்கொண்டேன்.

"காதுல சரியா விழல" என்றேன்.

இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னார்.